பழைய காரில் டக் டக் சத்தமா? பட்டறைக்குப் போவதற்கு முன் இதைப் படியுங்கள்

நான் வாங்கிய பழைய காரில் முன்பக்கம் ஒரு சத்தம். ஒரு பட்டறையில், குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்) இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்த பட்டறையில் எஞ்சினைத் தாங்கும் ரப்பரான எஞ்சின் மவுண்டிங்கை மாற்றினார்கள், அப்போதும் போகவில்லை. கடைசியில் கோளாறு, வீலுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கம்பியான லிங்க் ராடில் இருந்தது. மாற்றிய சாமான்களிலேயே விலை குறைந்தது அதுதான். இரண்டு இடத்திலும் யாரும் என்னை ஏமாற்றவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடாமல், வழக்கமாகப் போகிற சாமானை மாற்றிப் பார்த்தார்கள். செலவு மட்டும் என் தலையில் விழுந்தது.

இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கடலோரத்தில் முதன்முறையாகப் பழைய கார் வாங்குகிறவர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். சாமானைக் கழற்றி மாட்டுவது மெக்கானிக் வேலை. ஆனால் சத்தம் எந்த மூலையில், எப்போது வருகிறது என்பது வரைக்கும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

1. வண்டியை ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா?

மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். மூன்று நிலைகளில் வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

எஞ்சினில் கனமான தட்டல் கேட்கிறது, கூடவே டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது என்றால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள். பக்கத்து ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடினால், பேரிங்கோடு முடிய வேண்டிய வேலை, எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் வரைக்கும் போய்விடும். வண்டியைக் கட்டி இழுத்துப் போகும் (டோ) செலவு எவ்வளவு ஆனாலும் அதைவிடக் குறைவுதான்.

அடுத்தது வீல் நட்டு. நம் பக்கம் சீமைக் கருவேல முள்ளால் பஞ்சர் சகஜம், அதனால் வீலைக் கழற்றி மாட்டுவதும் அடிக்கடி நடக்கும். பஞ்சர் போட்ட பிறகு புதிதாக ஒரு தட்டல் ஆரம்பித்து, வேகம் கூடக்கூட அதுவும் கூடினால், ஓரமாக நிறுத்தி நான்கு வீலின் நட்டுகளையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். தளர்ந்த நட்டோடு நெடுஞ்சாலையில் ஓட்டினால் வீலே கழன்று போகலாம்.

மூன்றாவது, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கடக்கென்று சத்தம் வந்து, வண்டியும் ஒரு பக்கமாக இழுப்பது. வீலைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்டோ, ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் டை ராடு எண்டோ கழலும் நிலையில் இருக்கலாம். இதற்கும் டோ தான்.

இந்த மூன்றும் இல்லையென்றால் பதறாமல் தேடலாம்.

2. காசு செலவில்லாத இடங்களை முதலில் பாருங்கள்

டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னியின் நடு போல்ட்டைக் கையால் இறுக்குங்கள். ஜாக்கி அதன் இடத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா, ஸ்பானர் ஏதாவது உருள்கிறதா என்று பாருங்கள். பின்பக்கச் சத்தம் என்று வருகிற வண்டிகளில் பலவற்றில் காரணம் இங்கேயே அகப்பட்டுவிடும். ஸ்டெப்னிப் பள்ளத்தில் காய்ந்த வண்டல் படிந்திருந்தால் அது வேறு விஷயம். வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளம் வந்தது. அந்த ஊர் வண்டி என்றால் கார்ப்பெட்டுக்கு அடியிலும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பானெட்டைத் திறந்து பேட்டரியை ஆட்டிப் பாருங்கள். கிளாம்ப் இல்லாமல் வெறுமனே வைத்திருப்பார்கள். நம்பர் பிளேட், பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கதவில் தொங்கும் சீட் பெல்ட் கொக்கி இவையெல்லாம் தட்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது சைலன்சர் குழாயைக் கையால் ஆட்டுங்கள். தொங்கவிடும் ரப்பர் அறுந்திருந்தால் குழாய் அடிச்சட்டத்தில் இடிக்கும்.

3. சத்தம் வருகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

“முன்னாடி ஒரு சத்தம் வருதுண்ணே” என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக்கு ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை. போனில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும்போது வருகிறதா, ஓடும்போது மட்டுமா? காலையில் எடுத்ததும் வருகிறதா, எஞ்சின் சூடான பிறகா? நியூட்ரலில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடுகிறதா? பிரேக் பிடிக்கும்போதா, திருப்பும்போதா, வேகத்தடை ஏறும்போதா இறங்கும்போதா? ஆள் ஏற்றினால் மாறுகிறதா?

இதில் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். வண்டி நிற்கும்போது எஞ்சின் வேகத்தோடு சத்தமும் கூடினால் எஞ்சின் பக்கம் பாருங்கள். எஞ்சினை அணைத்து, வண்டியைக் கையால் ஆட்டினாலே சத்தம் வந்தால் சஸ்பென்ஷன், அதாவது வீலை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் பாகங்கள். வண்டி ஓடும் வேகத்தோடு மட்டும் கூடினால் வீல், டயர், ஆக்ஸில்.

நண்பர் ஒருவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: சத்தம் இரும்பு வழியாகப் பயணிக்கும். இடது பக்கம் கேட்பது வலது பக்கத்துக் கோளாறாக இருக்கலாம். அதனால் “இடது ஷாக் போயிடுச்சு” என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னதை அப்படியே செய்து கொடுத்துவிடுவார்கள்.

4. எங்கே ஓட்டிப் பார்ப்பது?

பாம்பன் பாலத்தில் வேண்டாம். சாலைப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது நல்ல வண்டியும் தட் தட் என்றுதான் சொல்லும். கேட்கிற சத்தம் பாலத்துடையதா வண்டியுடையதா என்று பிரிக்க முடியாது.

நெடுஞ்சாலையை விட்டு விலகி, சந்தடி இல்லாத ஊர்ச் சாலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கல் பெயர்ந்த இடமும் ஒரு வேகத்தடையும் இருந்தால் போதும். கண்ணாடிகளை இறக்கி, ஏ.சி.யையும் பாட்டையும் நிறுத்தி, 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். ஒரு பக்கத்து வீல் மட்டும் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி ஒருமுறை, இரண்டு முன் வீலும் ஒன்றாக வேகத்தடையில் ஏறுகிற மாதிரி ஒருமுறை ஓட்டுங்கள். அடுத்து, வீட்டுச் சுவரோ காம்பவுண்டோ பக்கத்தில் இருக்கும் தெருவில் மெதுவாகப் போங்கள். எந்தப் பக்கச் சத்தம் என்பது சுவரில் பட்டுத் தெளிவாகக் கேட்கும். காலையில் வெயிலுக்கு முன் ஒருமுறை, மதியம் ஒருமுறை ஓட்டினால் நல்லது. சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் சூட்டில் இளகி வேறு மாதிரி பேசும்.

பாலத்து ஏற்றம் ஒரே ஒரு சோதனைக்குப் பயன்படும். நம் மாவட்டம் சமதளம், எஞ்சினுக்குப் பாரம் ஏறுகிற இடம் குறைவு. பெட்ரோல் வண்டி பெரிய கியரில் ஏற்றம் ஏறும்போது எஞ்சினில் கிணுகிணுவென்று சத்தம் வந்து, கியரைக் குறைத்ததும் நின்றால், அது பெட்ரோல் முறையற்று எரிவதால் வருகிற நாக்கிங். கார்பன் படிவு, ஸ்பார்க் பிளக், பெட்ரோலின் தரம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் படுத்துத் தேட வேண்டியதில்லை.

5. எந்தச் சத்தம், எந்தச் சாமான்?

சின்னச் சின்னக் கற்களில் ஏறும்போது டக் டக் டக் என்று விடாமல், இலேசாக, முன்பக்கம் கேட்கிறது. ஆனால் வேகத்தடையில் இரண்டு வீலும் ஒன்றாக ஏறினால் கேட்பதில்லை. முதல் சந்தேகம் லிங்க் ராடு, அடுத்தது, வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ். இதைத்தான் ஷாக் என்று தவறாக எண்ணி அதிகமாகச் செலவழிக்கிறார்கள். சில சின்ன வண்டிகளில் லிங்க் ராடே கிடையாது. உங்கள் வண்டியில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்தடையை விட்டு இறங்கும்போது ஒரே ஒரு கனமான ‘தொப்’ என்றால் ஷாக் அல்லது அதன் மேலுள்ள மவுண்ட். ஷாக்கின் மேல் ஆயில் ஒழுகிப் புழுதி அப்பியிருந்தால் சந்தேகம் உறுதி.

பிரேக் பிடித்ததும் ஒரு தட்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னொரு தட்டு என்றால், வீலைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ். மோசமான சாலையில் கடகடவென்று வந்து, பிரேக்கை இலேசாக மிதித்ததும் நின்றால் பிரேக் பேடோ கேலிபர் பின்னோ ஆடுகிறது.

காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது கட் கட் கட் என்று சீராக வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட். வீலுக்கு உள்பக்கம் பாருங்கள்: ரப்பர் பூட் கிழிந்து, வளையமாக கிரீஸ் சிதறியிருக்கும். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் விர்ரென்று துள்ளுகிறதா? மேல் மவுண்டின் பேரிங்.

கிளட்ச் விடும்போதும் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் ஒரு இடி கேட்டால் எஞ்சின் மவுண்டிங். தட்டல் இல்லாமல் ஊ என்று ஓலமிட்டால் வீல் பேரிங்.

எஞ்சின் சத்தத்தில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். காலையில் எடுத்ததும் மேல்பக்கம் டிக் டிக் என்று வந்து, சில நிமிடத்தில் குறைந்தால் பெரும்பாலும் வால்வை இயக்கும் டேப்பட். ஆயில் அளவும் ஆயில் மாற்றிய தேதியும் பார்த்தால் போதும். அதற்கு மாறாக, எஞ்சின் சூடாகச் சூடாக அடிப்பக்கத்தில் கனமாகத் தட்டி, ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து வேகமெடுத்தால் கனெக்டிங் ராடு பேரிங் சந்தேகம். எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன், கேஜ் வைத்து ஆயில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் “எஞ்சின் வேலை” என்று சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

6. இரண்டு பேர் சேர்ந்து ஆட்டிப் பார்க்கும் சோதனை

சமமான தரையில், எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுச் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. கீழே சொல்லும் எதற்கும் அடியில் போகத் தேவையில்லை.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் வீலுக்குப் பின்னால் இடம் கிடைக்கும். ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் செங்குத்தாக, பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு கம்பி தெரியும். இரண்டு முனையிலும் ரப்பர் மூடிய குமிழ் இருக்கும். அதுதான் லிங்க் ராடு. மேல் குமிழை விரல்களால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே விரல் போகக் கூடாது. நண்பர் வண்டியின் கூரையைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி ஆட்டட்டும். காதுக்குக் கேட்காத சத்தம்கூட விரலில் ‘டிக்’கென்று தட்டும். நல்ல லிங்க் ராடில் அந்தத் தட்டு இருக்காது. இதையே கீழ்க் குமிழிலும், பானெட்டைத் திறந்து ஷாக்கின் மேல் மவுண்டிலும் செய்யலாம்.

அடுத்து, கதவுகளை மூடி, வீலை ஜாக்கியில் தரையிலிருந்து தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரிகிறதா? டை ராடு எண்ட் அல்லது ஸ்டியரிங் திருப்புவதை வீலுக்குக் கொண்டுபோகும் ஸ்டியரிங் ரேக்.

இவ்வளவுக்குப் பிறகும் லிங்க் ராடா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் பட்டறையில் ஒன்று கேளுங்கள்: “அண்ணே, ரெண்டு லிங்க் ராடையும் கழற்றிட்டு ஒரு ரவுண்டு மெதுவா ஓட்டிப் பார்க்கலாமா?” வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், அதனால் தெருவுக்குள் மட்டும் ஓட்ட வேண்டும். சத்தம் போய்விட்டால் காரணம் உறுதி. புதுச் சாமான் ஒன்றுகூட வாங்காமல் இந்த உறுதி கிடைக்கும். என் வண்டிக்கு விடை கிடைத்தது இப்படித்தான்.

7. கடலோர வண்டிக்கென்று உள்ளவை

உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில் துரு முதலில் பிடிப்பது அடிப்பக்கம். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் பெயின்ட் உரிந்து, துரு அரித்து, ஒருநாள் அது ஒடிந்துவிடும். ஒடிந்த துண்டு ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குள் மறைந்திருப்பதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. வண்டி மட்டும் ஒரு பக்கம் அரை அங்குலம் தாழ்ந்து நிற்கும், திருப்பும்போது டொக் என்னும். இரண்டு பக்கமும் வீலுக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிட்டுப் பாருங்கள். ராமேஸ்வரம், மண்டபம், தனுஷ்கோடி என்று ஓடிய டூரிஸ்ட் வண்டியில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஷாக்கின் கீழ்த் தட்டு, சப் ஃபிரேம், சைலன்சரின் வெப்பத் தகடு ஆகியவற்றையும் பிட்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தனுஷ்கோடிச் சாலையில் காற்றடிக்கும் நாளில் மணல் ஏறிக் கிடக்கும். கிழிந்த பூட் உள்ள ஜாயின்டுக்குள் அந்த மணல் போனால் கிரீஸோடு சேர்ந்து அரம் மாதிரி அராவிவிடும்.

இன்னொரு வகை, ‘வெளிநாட்டுக்காரர் வண்டி, ஓடவே இல்லை’ என்று வருவது. கீழக்கரை, பனைக்குளம், தொண்டிப் பக்கம் உரிமையாளர் வளைகுடாவில் இருக்க, வண்டி ஷெட்டிலேயே மாதக்கணக்கில் நிற்கும். கிலோமீட்டர் குறைவு என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகி, ஓட்டும்போது தப் தப் என்று வீல் சுற்றுக்கு ஒருமுறை தட்டும். சில கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் போய்விட்டால் கவலை இல்லை. போகாவிட்டால் டயர் செலவு உண்டு. ரப்பர் புஷ்கள் இறுகி வெடித்திருக்கும். பிரேக் டிஸ்க்கில் துரு ஏறியிருக்கும். இவற்றுக்கு ஒரு தொகையை ஒதுக்கிவைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

8. பட்டறையில்: செலவும் நேரமும்

எழுதிய குறிப்பைக் காட்டுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வருகிற சாலையில் நீங்களே ஓட்டுங்கள். வண்டியை விட்டுவிட்டு வந்துவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும். பார்த்துச் சொல்வதற்கு மட்டும் தனிக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். “பார்க்க இலவசம்” என்கிற இடத்தில் சாமான் மாற்றினால்தான் அவர்களுக்கு வருமானம்.

சிறிய ஹேட்ச்பேக் வண்டிக்கு, நான் விசாரித்த அளவில், தோராயமான செலவு இது. லிங்க் ராடு ஜோடி, கூலியோடு 1,000 முதல் 2,500. லோயர் ஆர்ம் ஒரு பக்கம் 1,500 முதல் 3,500. முன் ஷாக் ஜோடி, மவுண்டோடு 5,000 முதல் 10,000. எஞ்சின் மவுண்டிங் ஒன்று 1,500 முதல் 4,000. ஸ்டியரிங் ரேக் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். எஞ்சின் பிரித்தால் அரை லட்சத்துக்குக் குறைந்து யோசிக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பில்லில் பழைய 28 சதவீதம் போட்டிருந்தால் கேளுங்கள்.

லிங்க் ராடு அரை மணி, ஒரு மணி நேர வேலை. ஆர்ம், ஷாக் என்றால் அரை நாள். சாமான் உள்ளூரில் இல்லாமல் மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தால் ஒரு நாள் கூடும். அதனால் சாமான் கைக்கு வந்த பிறகு வண்டியைக் கழற்றச் சொல்லுங்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் ராமேஸ்வரம் பக்கம் வேலைக்கு விடாதீர்கள். கூட்டத்தில் வண்டி நகராது.

ஒரு நேரத்தில் ஒரு சாமான். மாற்றியதும் அதே சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். லிங்க் ராடின் குமிழைக் கையால் ஆட்டினால் தளர்ச்சி உங்களுக்கே தெரியும்.

9. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து, உரிமையாளர் மூலம் சர்வீஸ் விவரத்தை வாங்குங்கள். ஒவ்வொரு சர்வீசிலும் இருந்த கிலோமீட்டர், விபத்து வேலை எல்லாம் அதில் வரும். மீட்டரில் இப்போது காட்டுவதோடு ஒப்பிடுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் கடன், இன்சூரன்ஸ், எத்தனையாவது உரிமையாளர் என்று பாருங்கள். சத்தத்தைக் காட்டி, எழுத்தில் வாங்கிய எஸ்டிமேட்டை வைத்து விலையைக் குறையுங்கள். “வாங்கின பிறகு சரி பண்ணித் தர்றேன்” என்ற வாய்வார்த்தை வேண்டாம். விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாரண்டி தருகிற கடை என்றால் சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராடு அதில் சேருமா என்று படித்துப் பாருங்கள். தேய்மானச் சாமான் என்று விலக்கிவிடுவார்கள்.

வாங்கியாயிற்று என்றால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் விற்றால் விற்றவர், விற்றதைத் தெரிவிக்கும் ஃபார்ம் 29ஐ 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வாங்கியவர், பெயர் மாற்றம் கேட்கும் ஃபார்ம் 30ஐ 30 நாளுக்குள். கடன் இருந்த வண்டிக்கு வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35ம் வேண்டும். இன்சூரன்சை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். இதற்கும் சத்தத்துக்கும் தொடர்பு உண்டு: தேய்ந்த சாமானுக்கு இன்சூரன்ஸ் வராது, ஆனால் பள்ளத்தில் அடிபட்டு ஆர்ம் வளைந்தால் கேட்க முடியும். பாலிசி பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தால் அந்த வழியும் அடைபடும்.

10. வேலை முடிந்த பிறகு

ஆர்ம் அல்லது புஷ் மாற்றினால், அதன் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தரையில் நிற்கும்போதுதான் நடக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பக்கத்தில் நின்று கேட்டுச் செய்யவையுங்கள். ஆர்ம், டை ராடு, ஷாக் எதைத் தொட்டாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். நம் பக்கம் போர் தண்ணீரே உப்பாக இருக்கும் இடங்கள் அதிகம். அதை அடியில் பீய்ச்சினால் துருவுக்குத் தீனிதான். தனுஷ்கோடி போய் வந்தால் அன்றோ மறுநாளோ நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் அதே பட்டறைக்குப் போய், மாற்றிய இடத்து நட்டுகளையும் வீல் நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லைக் கையோடு எடுத்துப் போங்கள்.